காற்றுப் பையில் பூசிய எண்ணெய்

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன். ஒரு பழைய பிக்கப் வண்டியைப் புதுப்பித்து, பின் அச்சுக்கு மேலே, வண்டியைத் தாங்கும் இரும்புப் பட்டைக்குப் பதிலாகக் காற்றுப் பை பொருத்தியிருந்தீர்கள். ஒருவர் பட்டனை அமுக்கினார், வண்டி உட்கார்ந்தது. மறுபடி அமுக்கினார், எழுந்தது. எல்லாரும் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். பிறகு நான் குனிந்து அந்தப் பையைத் தடவி, விரலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். பெரிசுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று உங்களில் யாரோ சிரித்தது காதில் விழுந்தது. சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் நான் மோந்து பார்த்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் அடங்கும் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளில் நடந்தது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்து வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் வேலை பார்த்த பட்டறைக்கு வரும் வண்டிகளில் முக்கால்வாசி உப்பு லாரிகள். உப்பு லாரியின் அடிப்பக்கத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சேஸிஸ் இரும்பை விரலால் கிள்ளினால் பொரி மாதிரி உதிரும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. என்ன வேலைக்கு வந்த வண்டியானாலும் சரி, வெளியே விடுவதற்கு முன் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் பூசித்தான் அனுப்புவோம். பழைய இன்ஜின் ஆயிலும் சுறா எண்ணெயும் சரிபாதி. அந்தக் கலவையைக் கொண்டுவந்தது நான்தான். எங்கள் வீட்டில் மீன்பிடி வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவார்கள். நடக்கப் பழகியதிலிருந்து நான் பார்த்த வேலை அது. கையில் பிரஷ்ஷைக் கொடுத்தால் தூக்கத்தில்கூடப் பூசுவேன்.

காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் இருந்தார். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவோம். அங்கே கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். அவர் போன வீட்டுக் கொட்டகையில் மாமனார் வாங்கிய அமெரிக்க பிக்கப் ஒன்று துணி மூடிக் கிடந்தது. ரெண்டாம் உலகச் சண்டைக்குக் கொஞ்சம் பிந்திய மாடல். அதைப் பழையபடி ஓட வைக்க வேண்டும் என்று காக்காவுக்கு ஆசை. பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தார். வண்டி எங்கள் பட்டறைக்கு வந்து இன்ஜின் முடிந்து பெயின்ட் அடிக்கும் நேரத்தில் அவர் மனைவி படுக்கையில் விழுந்தார்.

முதுகெலும்பில் காசநோய். முதுகைச் சுற்றி மாவுக் கட்டுப் போட்டுப் பலகையில் கிடத்திவிட்டார்கள். மதுரையில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்தாயிற்று. ஆனால் போகிற வழியில் ஒரு குலுக்கல்கூடக் கூடாது, எலும்பு நகர்ந்து நரம்பை நசுக்கினால் கால் ரெண்டும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கட்டோடு ரயில் பெட்டி வாசலில் ஆளைத் திருப்ப முடியாது. கிடைக்கக்கூடிய வேனெல்லாம் லாரி மாதிரி தூக்கித் தூக்கிப் போடும்.

காக்கா பட்டறைக்கு வந்து, பெயின்ட் காயாத பிக்கப்பின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

"மேஸ்திரி, இந்த வண்டியில அவளுக்கு ரோடே தெரியாம கொண்டு போக ஒரு வழி பண்ண முடியுமா?" என்றார்.

பட்டறை முதலாளி அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, வேண்டாம்ல. இது லோடு இல்ல, ஆளு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா காலத்துக்கும் நம்ம தலையில இருக்கும்" என்றார்.

அண்ணாச்சி சொன்னது சரி. எனக்கு அப்போது முப்பது வயது, கேட்கிற காது இல்லை. துறைமுகத்தில் இறக்கும்போது நசுங்கிப்போன வெளிநாட்டு டிரெய்லர் ஒன்றை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ரெண்டு ரப்பர் காற்றுப் பைகள் நல்ல நிலையில் இருந்ததை நான் பார்த்து வைத்திருந்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு உளுந்தவடை அடுக்கியது போல இருக்கும். அதை வைத்து வேலை பார்க்க வேண்டும் என்று எனக்குக் கை அரித்தது. காக்காவின் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டேன் என்று பல வருஷம் சொல்லித் திரிந்தேன். பாதிதான் நிஜம்.

எப்படிப் பொருத்தினேன் என்பதை விட்டுவிடுகிறேன், அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பொருத்தி முடித்ததும் பின்னால் காக்கா மனைவியின் எடைக்கு உப்பு மூட்டை அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு, அதில் செம்பு நிறைய தண்ணீர் வைத்துத் திருச்செந்தூர் ரோட்டில் பத்து மைல் போய் வந்தேன். செம்பிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அண்ணாச்சியே செம்பை ரெண்டு தடவை எட்டிப் பார்த்தார். அன்றைக்கு எனக்கு இருந்த மிதப்பை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கிளம்ப ரெண்டு நாள் இருந்தது. வண்டியைக் கழுவினேன். அடியில் படுத்து, வழக்கம்போல எண்ணெய் பூசினேன். சேஸிஸ், அச்சு, பட்டை, எல்லாவற்றுக்கும். அந்த ரெண்டு பைகளுக்கும் பூசினேன். மற்றதற்கு ஒரு கை என்றால் அதற்கு ரெண்டு கை, மடிப்புக்குள்ளே இறங்கும்படி. ஆசையாகத்தான் பூசினேன்.

பிரேக்கில் இருக்கும் ரப்பர் வாஷரில் ஆயில் பட்டால் அது ஊதிப்போகும் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தப்பைச் செய்த பையன்களைத் திட்டியவன் நான். தெரிந்தவன் கைதான் பூசியது. கை அதன் பாட்டுக்குப் போனது, மண்டை கூடப் போகவில்லை.

காலையில் காயல்பட்டினத்தில் ஏற்றினோம். அவர்கள் வீட்டுப் பெண்கள் வெளியாட்கள் கண்ணில் படமாட்டார்கள். நான் தெருமுனையில் நின்றேன். உறவுக்காரர்கள் பலகையோடு தூக்கி வைத்து, தார்ப்பாயை இழுத்துக் கட்டிய பிறகுதான் கூப்பிட்டார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத ஒரு சின்ன ஜன்னல், அதில் திரை. திரைக்குப் பின்னே காக்கா, மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் ஓட்டினேன்.

தூத்துக்குடியைத் தாண்டும் வரை மூச்சை விடாமல் ஓட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல் வெளுத்துப்போயிருந்தது. மாட்டு வண்டி வந்தால் நின்றேன், நாய் வந்தால் நின்றேன். "எப்படி இருக்கு காக்கா?" என்று கேட்டபோது, "அல்லா காவல், மெத்தையில போற மாதிரி இருக்காம்" என்றார்.

குறுக்குச்சாலை தாண்டியதும் திரைக்குப் பின்னாலிருந்து காக்கா குரல் வந்தது. "மேஸ்திரி, வலது பக்கம் கொஞ்சம் சரிஞ்சாப்ல இருக்குன்னு சொல்லுதா."

"ரோடு அப்படித்தான் காக்கா. நடுவுல பள்ளமாக் கிடக்கு" என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். "இப்பவும் சரிவாத்தான் இருக்காம்."

"படுத்தே கிடக்கவங்களுக்கு அப்படித்தான் தெரியும்" என்றேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அன்றைக்கு அந்த வண்டியில் மூன்று பேர் இருந்தோம். வண்டியின் அசைவை முதுகெலும்பால் அளந்துகொண்டிருந்தது ஒருவர்தான். அவர் சொன்னதைத்தான் நான் ரெண்டு தடவை ஒதுக்கினேன். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொம்பளைக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு எனக்குள் இருந்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

எட்டயபுரத்துக்கு நாலைந்து மைல் இருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் தகரத்தில் தட்டுகிற சத்தம். அதோடு ஒரு பெண் குரல், நேராக எனக்கு.

"மேஸ்திரி, வண்டிய நிறுத்துங்க. என் தோள் ஒரு பக்கம் ரெண்டு விரக்கடை கீழ இறங்கியிருக்கு. ரோடு இல்ல இது."

புருஷனை விட்டுப் பேசச் சொல்லாமல் அவரே பேசியதில் நான் பதறிப்போனேன். மெதுவாக அப்படியே நடுரோட்டில் நிறுத்தியிருக்கலாம். பின்னால் வண்டி எதுவும் இல்லை. ஆனால் பழக்க தோஷம், ஓரங்கட்டினேன். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பின் சக்கரம் இறங்கியது. டொப்பென்று ஒரு இடி. அவர் ஒரே ஒரு தடவை, "உம்மா" என்று தாயைக் கூப்பிட்டார்.

காக்கா உள்ளே ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "கால் விரலை அசைக்கா, மேஸ்திரி. அசைக்கா" என்றார். நான் இறங்கி அடியில் ஊர்ந்தேன்.

வலது பையின் மடிப்பில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கொப்புளம். தொட்டேன். ரப்பர் மெழுகு மாதிரி விரலோடு வந்தது. விரலை மோந்தேன். சுறா எண்ணெய்.

சுற்றிலும் கரிசல் காடு. ஒரு முள் உடைமரம் தவிர நிழல் இல்லை. காக்கா இறங்கி வந்து குனிந்தார். "என்னாச்சு? பழைய சாமான்ங்கிறதால இப்படி ஆயிருச்சா?"

தப்பிக்க வழியை அவரே கையில் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். துறைமுகத்துக் கழிவுச் சாமான், விதி, யார் என்ன செய்ய முடியும். என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நான் நேர்மையானவன் என்பதால் அதை விழுங்கினேன் என்று நினைக்காதீர்கள். சாமான் பழசு என்று சொன்னால், காற்றை அடைத்து மெதுவாகப் போகலாம் என்பார். எண்ணெய் என்று சொன்னால்தான் அந்தப் பையை இனி நம்பவே கூடாது, இடது பையையும் நம்பக் கூடாது என்று அவருக்குப் புரியும். பயத்தில்தான் உண்மையைச் சொன்னேன்.

"சாமான் நல்ல சாமான் காக்கா. நான் எண்ணெய் பூசிக் கெடுத்துட்டேன். ரெண்டு பக்கமும்" என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையில் கையை வைத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தார்ப்பாய்க்குள்ளிருந்துதான் கேள்வி வந்தது.

"இன்னும் எம்புட்டு தூரம் தாங்கும் மேஸ்திரி?"

"தெரியாது லாத்தா." அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"திரும்பிப் போனா?"

"அதுக்கும் தாங்குமான்னு தெரியாது."

"அப்ப தாங்காதுன்னு வச்சுக்கிட்டு என்ன செய்யணுமோ அதச் செய்யுங்க" என்றார்.

இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த இன்ஜினியரும் சொன்னதில்லை. அதுவரை என் மண்டைக்குள் முன்னே போகலாமா, திரும்பலாமா, லாரி பிடிக்கலாமா என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதும் ஒரே ஒரு வேலைதான் மிஞ்சியது. பை இப்போதே வெடித்தாலும் அவர் கீழே இறங்கக் கூடாது.

சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி வைத்தேன். ஆனால் ஜாக்கியை ஏற்றினாலும் அவர் உடம்பு சாயும். எவ்வளவு ஏற்றலாம் என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்தத் தடவை கேட்டேன். "லாத்தா, ஏத்துதேன். சொல்லுங்க."

"இன்னும். இன்னும் கொஞ்சம். போதும்."

போதும் என்ற இடத்தில் நிறுத்திப் பக்கத்தில் கல் அடுக்கினேன். இடது பக்கமும் அப்படியே. காக்காவும் எழுந்து வந்து கல் பொறுக்கினார். நாலு பக்கமும் அசைத்துப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரையும் அங்கேயே விட்டு, வழியில் வந்த லாரியில் தொற்றி எட்டயபுரம் போனேன். ஒரு பஞ்சர் கடையில் பழைய லாரி டயரைத் துண்டு துண்டாக வெட்டி வாங்கினேன். திரும்பி வருவதற்குள் நான் பட்ட பாட்டை எழுதத் தெரியவில்லை. ஜாக்கி வழுக்கியிருக்கும், கல் நொறுங்கியிருக்கும், காக்கா ரோட்டுக்கு நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருப்பார் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தேன். உடைமரம் கண்ணில் பட்டபோது வண்டி வைத்தபடியே நின்றது.

டயர்த் துண்டுகளைக் கயிற்றால் கட்டி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே திணித்து, பைகளின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வண்டியை அதன் மேல் உட்கார வைத்தேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் லாத்தாதான் உத்தரவு கொடுத்தார். முன்னே போவதா பின்னே போவதா என்று நான் காக்காவைக் கேட்டேன், அவர் தார்ப்பாயைப் பார்த்தார். "மதுரைக்கு" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து "மெல்ல", "போலாம்", "முன் சக்கரம் விழுந்த பள்ளம் பெரிசு போல, நில்லுங்க" என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அருப்புக்கோட்டைக்குப் பிறகு அந்தக் குரல் தளர்ந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். "வலிக்காம இருக்குமா? ரோட்டப் பாருங்க" என்றார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு அடியில் போய்ப் பார்த்தேன். வலது பையைப் பிடித்து இழுத்ததும் ரெண்டாகப் பிரிந்து கையோடு வந்தது.

ஆபரேஷன் நடந்தது. ஐந்தாறு மாதம் கழித்துக் காக்கா வந்து, மனைவி எழுந்து நடக்கிறார் என்று சொன்னார். பிக்கப்புக்குப் பழைய பட்டைகளையே போட்டுத் தரச் சொன்னார். போகும்போது, "இடது கால மட்டும் கொஞ்சம் இழுக்கா. அது நோவோட வேலைன்னு டாக்டர் சொல்லுதாரு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நோவின் வேலையா, தாரிலிருந்து மண்ணில் இறங்கிய அந்த டொப்பின் வேலையா? அந்தக் கேள்வியோடு மூன்று வருஷம் இருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. காக்கா கூப்பிட்ட விசேஷங்களுக்கெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமல் இருந்தேன். உப்பு லாரிகள் வந்தன, பூசி அனுப்பினோம். ஆனால் பிரஷ்ஷை எடுக்கும்போதெல்லாம், இது எதன் மேல் படப்போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் பூசுவேன். பட்டறையில் எனக்குக் கிறுக்கு என்றார்கள்.

பிறகு ஒரு நாள் பிக்கப் கிளம்பவில்லை என்று ஆள் அனுப்பினார்கள், பட்டறையில் அன்றைக்கு வேறு மெக்கானிக் இல்லை. போனேன். வேலை முடிந்து வீட்டு முன்கட்டில் உட்கார வைத்தார் காக்கா. உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம். ஒரு அடி ஊன்றி, ஒரு அடி இழுபட்டு. கதவுத் திரைக்குப் பின்னால் வந்து நின்றது. காக்கா உள்ளே கை நீட்டி டீ டம்ளரை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டேன். "லாத்தா, அன்னைக்கு நான் வண்டிய ஓரங்கட்டுனேனே. அதுனாலயா கால் இப்படி ஆச்சு?"

காக்கா என்னைத் தடுப்பதற்குக் கையைத் தூக்கினார். திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"டாக்டர் இல்லைன்னுதான் சொன்னாரு. ஆனா அந்த இடியில எனக்கு முதுகுல இருந்து குதிகால் வரைக்கும் ஒண்ணு சுருக்குன்னு இறங்குச்சு மேஸ்திரி. இவுகளுக்கே நான் அத இதுவரைக்கும் சொல்லல" என்றார். பிறகு, "அதுதானா, வேறயான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

காக்கா திரையைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நீங்க என்னைக்காவது வந்து கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார் அவர். "மூணு வருசமாச்சு உங்களுக்கு."